இருத்தல் என்றால் உண்மையில் என்ன? ‘நான் இருக்கிறேன்’ என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

இரவில் படுத்துக்கொண்டு ‘நான் இருக்கிறேன்’ என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தால் தலை சுற்றுகிறது, இருப்பது என்றால் என்னவென்று தத்துவம் எங்காவது நேரடியாகச் சொல்லியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல. பல வருடமாக இதே கேள்வியோடு மல்லுக்கு நிற்கிறவன், அவ்வளவுதான். எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் ஒன்று கிடையாது. ஆனால் கேள்வியைப் பிரித்துப் போட்டால் பாதித் தலைச்சுற்றல் நின்றுவிடும். மீதிப் பாதி எனக்கும் நிற்கவில்லை.

பிரிப்பதற்குத் தமிழிலேயே ஒரு வசதி இருக்கிறது. வாசலில் நின்று “அப்பா இருக்காரா?” என்று கேட்கிறோம். அங்கே “அப்பா உண்டா?” என்று யாரும் கேட்பதில்லை. ‘இரு’ என்பதற்கு இடம் வேண்டும், காலம் வேண்டும்: இருந்தார், இருக்கிறார், இருப்பார். ‘உண்டு’ அப்படி வளையாது. வேறு, இல்லை, உண்டு மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்கிறது நன்னூல். நான் உண்டு, நீ உண்டு, அவை உண்டு. ஆள் மாறினாலும் சொல் மாறாது. ‘இல்லை’யும் அதே ரகம்தான்: 113க்கும் 127க்கும் நடுவே பகா எண் இல்லை. இந்த ‘இல்லை’ எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்டால் அர்த்தமே இல்லை. பேச்சில் இரண்டையும் கலந்துதான் பேசுகிறோம் (“கடவுள் இருக்காரா?”), அதைத் தப்பென்று சொல்லவில்லை. உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் படுத்திருக்கின்றன என்கிறேன்.

முதலில் ‘உண்டு’. போன வருடம் ஒரு சாவியைத் தொலைத்தேன். பழைய இரும்புப் பெட்டியின் சாவி. பித்தளை, சுண்டுவிரல் நீளம், தலையில் ஒரு சிவப்பு நூல், ஒரு பல் லேசாகத் தேய்ந்திருக்கும். வீட்டில் எல்லோரிடமும் இந்த அடையாளங்களைச் சொல்லித் தேடச் சொன்னேன். அவற்றோடு “அப்புறம், அது உண்மையிலேயே உள்ள சாவி” என்று இன்னோர் அடையாளம் சேர்த்திருந்தால் என்னை ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள். ஜெர்மன் தத்துவவாதி இமானுவேல் கான்ட் 1781இல் சொன்னது ஏறக்குறைய இதுதான். கற்பனையில் உள்ள நூறு காசுக்கும் கையில் உள்ள நூறு காசுக்கும் காசின் இலக்கணத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. இருப்பது என்பது பொருளின் குணங்களில் ஒன்றல்ல. ‘இதைவிடப் பெரியதை நினைக்கவே முடியாது’ என்ற கருத்திலிருந்தே கடவுள் உண்டு என்று நிறுவப் பார்த்தார் 11ஆம் நூற்றாண்டின் கிறித்தவத் துறவி ஆன்செல்ம். அந்த வகை வாதத்துக்குத்தான் கான்ட் இப்படி ஆப்பு வைத்தார். எனக்கு இது சரியென்றே படுகிறது. உண்டு என்பது பொருளைப் பற்றிய விவரம் அல்ல. அந்த விவரத்துக்குப் பொருந்துவதாக உலகில் ஏதாவது அகப்படுமா என்பதைப் பற்றிய பேச்சு. இந்தப் பாதியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘இல்லை’தான் இன்னும் சுவாரசியம். அதே சாவிக்காக மேசை இழுப்பறையைத் திறந்தேன். கத்தரிக்கோல், காய்ந்துபோன பேனா, இரண்டு ரப்பர் பேண்டு. சாவி இல்லை. இழுப்பறையில் யானையும்தான் இல்லை, பியானோவும்தான் இல்லை. அவை இல்லாதது என் கண்ணில் படவில்லை. சாவி இல்லாதது மட்டும் முகத்தில் அறைந்தது. 1943இல் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் எழுதியதும் இந்த மாதிரிதான்: தேடிப்போன நண்பர் காபிக் கடையில் இல்லை என்றதும் அந்தக் கடையே அவர் இல்லாத இடமாக மாறிவிடுகிறது. இந்தியத் தருக்கத்தில் இதற்கென்றே பழகிய உதாரணம் ‘தரையில் குடம் இல்லை’. இல்லாமையைக் கண்ணாலேயே காண்கிறோம் என்றார்கள் நியாய மரபினர். இல்லை, ‘காணாமை’ என்பதே தனி அறிவுவழி, அதற்குப் பெயர் அனுபலப்தி என்றார் மீமாம்சை மரபின் குமாரில பட்டர். இரண்டும் வேண்டாம், வெறுந்தரை மட்டும்தான் உண்டு என்றார் அதே மரபின் பிரபாகரர். புத்தி எனக்குப் பிரபாகரர் பக்கம் போகிறது. ஆனால் அந்த இழுப்பறையை நினைத்தால் நியாயக்காரர்களை விட்டுவிட மனம் வரவில்லை.

‘ஒன்றுமே இல்லாமல் போகாமல் ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது?’ என்று ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1714இல் கேட்டதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். வெற்றிடத்திலிருந்து பிரபஞ்சம் பிறந்தது என்று இயற்பியலாளர் சொல்லும்போது அந்த வெற்றிடத்துக்கே விதிகளும் புலங்களும் உண்டு. அது ‘ஒன்றுமில்லை’ ஆகாது. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுமில்லை.

சரி, ‘இருக்கிறேன்’ என்ற பாதிக்கு வருகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை. கையில் குத்தியிருந்த ஊசி வழியாகப் பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து ஏறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சுருசுருவென்று எரிச்சல். மயக்க மருந்து கொடுப்பவர் எண்ணச் சொன்னார். நாலு வரை நினைவிருக்கிறது. ஐந்து என்று வாயெடுத்தால் வேறு அறை, வேறு விளக்கு, தொண்டை காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது. கடிகாரத்தில் இரண்டேமுக்கால் மணி நேரம் போயிருந்தது. தூக்கத்தில் இப்படி ஆகாது. தூங்கி எழுந்தால், ஏதோ நேரம் கழிந்தது என்றாவது உடம்புக்குத் தெரியும். இது அப்படியில்லை. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு துண்டை வெட்டி எடுத்து, தழும்பே தெரியாமல் ஒட்டிவிட்டார்கள். வயிற்றில் மட்டும் தழும்பு இருந்தது.

அந்த இரண்டேமுக்கால் மணி நேரம் நான் இருந்தேனா? அறுத்தவரைக் கேட்டால், “உங்களைத்தானே அறுத்தேன்” என்பார். நியாயம். ‘நினைக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்று 1637இல் எழுதிய பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தே, நான்கு வருடம் கழித்து ஒரு சந்தேகத்தையும் பதிவு செய்தார்: நினைப்பது அடியோடு நின்றால் நான் இருப்பதும் அடியோடு நின்றுவிடலாம். பிறகு, மனம் ஒருபோதும் நினைக்காமல் இருப்பதில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். என் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே என்ன நினைத்தேன் என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1739இல் வந்த தன் புத்தகத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் போட்டு உடைத்தார்: எனக்குள் தேடினால் சூடோ குளிரோ வலியோ இன்பமோதான் கிடைக்கிறது, ‘நான்’ என்று தனியாக ஒன்று அகப்படவில்லை, ஆழ்ந்த தூக்கத்தில் நான் இல்லை என்றே சொல்லலாம்.

அத்வைதிகள் இங்கே குறுக்கிடுவார்கள். எழுந்ததும் “சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை” என்கிறாயே, ஒன்றும் தெரியாததைத் தெரிந்துகொண்டது யார்? அதைப் பார்த்திருந்த சாட்சி ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் வாதம். தூக்கத்தைப் பற்றி யோசித்த காலத்தில் எனக்கு இது பிரமாதமாகப் பட்டது. சிகிச்சைக்குப் பிறகு அவ்வளவு பிடிப்பில்லை. சுகமாக இருந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் அந்த நேரத்தையே ஊகித்தேன். சாட்சி இருந்திருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இப்போதைக்கு நான் நிற்கும் இடம் இது. மற்றவர்களுக்கு நான் இருப்பது, நாற்காலி இருப்பது போலத்தான். இடம், காலம், எடை. எனக்கு நான் இருப்பது அப்படித் தொடர்ந்து இருக்கிற ஒன்றல்ல, அவ்வப்போது நடக்கிற ஒன்று. ‘இருக்கிறேன்’ என்று நாலு தடவை சொல்லும்போது இந்த இரண்டாவதை முதலாவதைப் போல எங்கேயாவது வைத்துப் பார்க்க முயல்கிறீர்கள். வைக்க இடம் கிடைக்காததால்தான் தலை சுற்றுகிறது என்பது என் ஊகம். ஹியூம் பக்கம் சாய்கிறேன் என்று தெரிகிறது. ஆனால் அவரிடமும் ஒன்று இடிக்கிறது. எல்லாம் உதிரி அனுபவங்கள்தான் என்றால், அந்த ஐந்து எப்படி அந்த நாலுக்கு அடுத்ததாக வந்து நின்றது? தன்னுடைய விளக்கத்தில் தனக்கே திருப்தியில்லை என்று அவரும் அந்தப் புத்தகத்தின் பின்னிணைப்பில் ஒப்புக்கொண்டார்.

கண் விழித்த அந்த அறையில் செவிலியர் குனிந்து, “பேர் சொல்லுங்க” என்றார். என் வாய் ஒரு பெயரைச் சொன்னது, சரியாகவே சொன்னது. யாருடைய பெயர் அது என்று ஒரு கணம் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் வலி ஆரம்பித்தது.