தச்சு வேலை தெரியாத ஒருவர் டியர்டிராப் கேம்பிங் டிரெய்லரை வீட்டிலேயே கட்ட முடியுமா?

கேள்வி கேட்டவர் தன் நிலையைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்: காருக்குப் பின்னால் இழுத்துப்போக, இருவர் படுக்கிற அளவில் ஒரு டியர்டிராப், அதாவது கண்ணீர்த்துளி போல வளைந்த சின்ன டிரெய்லர் வேண்டும், மரவேலை பழக்கமில்லை, நாமே கட்டலாமா, வாங்கிவிடலாமா? இதுவரை வந்த பதில்களில் முக்கால்வாசி ‘வாங்கிவிடுங்கள், இதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது’ என்கின்றன. அவற்றில் ஒன்றிலாவது கட்டிப் பார்த்த அனுபவம் தெரிந்திருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன்.

கட்டலாம். நான் தச்சர் இல்லை, கணக்கு எழுதுகிற வேலையில் இருப்பவள். என் டிரெய்லரை நான்தான் கட்டினேன். மலைப்பாதை, மழை, புழுதி எல்லாம் பார்த்துவிட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வண்டியே வீட்டில் கட்டிப் பழகிய வண்டிதான். 1930களிலும் 40களிலும் அமெரிக்காவில் கைவேலைப் பத்திரிகைகள் இதன் வரைபடங்களை வெளியிட்டன. படித்தவர்கள் கார் நிறுத்துகிற கொட்டகையிலேயே வைத்துக் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் விமானத்துக்கென்று குவித்திருந்த அலுமினியத் தகடு மிஞ்சிப்போய்க் கைக்குக் கிடைக்க, அதையே மேலே போர்த்தினார்கள். நான்கடிக்கு எட்டடி என்ற அளவும் சும்மா வந்ததல்ல. ஒரு முழு ப்ளைவுட் பலகை 1220க்கு 2440 மில்லிமீட்டர். ஒரு பலகையில் ஒரு பக்கச் சுவர், இன்னொன்றில் மறுபக்கச் சுவர், மூன்றாவது அப்படியே தரை. வெட்டி ஒட்டுகிற வேலை பாதி அங்கேயே மிச்சமாகிவிடுகிறது.

உங்களிடம் ஒரு டிரில்லும் ஒரு ஜிக்சாவும் இருக்கும், வீடியோக்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த அழகான வளைவை நம்மால் வெட்ட முடியுமா என்பதுதான் உங்கள் பயமாக இருக்கும். எனக்கும் அதுதான் இருந்தது. ஆனால் வளைவு சுலபம். மெல்லிய நீளமான ரீப்பர் ஒன்றை, பலகையில் அடித்த ஆணிகளுக்கு ஒட்டி வளைத்து, அதன் ஓரமாகப் பென்சிலால் கோடு இழுங்கள். மரம் தானாகவே சீரான வளைவைக் கொடுத்துவிடும். அந்தக் கோட்டில் முதலில் ஒரு மெல்லிய ஹார்ட்போர்டை வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை விரலால் தடவினால், பார்வைக்குத் தப்பிய மேடு பள்ளம் எல்லாம் விரலுக்குத் தெரியும். அச்சு சரியானதும் அதைச் சுவர்ப் பலகையில் பொருத்தி, ரூட்டர் என்ற செதுக்கும் மின்கருவியில், அச்சின் ஓரத்தை ஒட்டி உருளும் உருளை வைத்த பிட்டை மாட்டி ஓட்டினால் இரண்டு சுவர்களும் ஒன்றுபோல வந்துவிடும். அவ்வளவுதான்.

சேஸிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தைப் பற்றி இங்கே பெரிய விவாதமே நடக்கிறது. வெல்டிங் தெரியாதென்றால் அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது ஆக்சிலோடு (சக்கர அச்சோடு) தயாராக வருவதை வாங்குங்கள். ‘அப்படியென்றால் நீங்கள் கட்டியது ஆகாதே’ என்று ஒருவர் என்னிடமே சொன்னார். ஓடுகிற வண்டியின் வெல்டிங் விட்டுப்போனால் பின்னால் வருகிற குடும்பத்துக்குத்தான் ஆபத்து. அதில் எனக்குப் பெருமை தேவையில்லை.

உண்மையான வேலை பின்கதவில் இருக்கிறது. வண்டியின் பின்பக்கத்தில் இருக்கும் சமையல் மேடையை மூடுகிற, மேல்நோக்கித் திறக்கிற அந்த வளைந்த கதவு. காசு கொடுத்து நான் வாங்கிய வரைபடத்தில் கட்டில், அலமாரி, ஜன்னல் எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் இருந்தது. பின்கதவுக்கு ஒரே ஒரு வரி: ‘உடலுக்குப் பொருந்தும்படி செய்துகொள்ளவும்.’ இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. எவ்வளவோ பேர் கட்டி முடித்த டிரெய்லரை இந்த ஒரு கதவால்தான் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் இதுதான். வளைவாக வெட்டிய விலாச் சட்டங்களின் மேல் மெல்லிய ப்ளைவுட்டை வளைத்து ஒட்டிக் கதவு செய்கிறோம். வண்டியோடு கட்டியிருக்கும்வரை கச்சிதமாக இருக்கும். கட்டை அவிழ்த்ததும் ப்ளைவுட் நாண் அறுந்த வில்லைப் போல நிமிரப் பார்க்கும். முழுதாக நிமிராது, கீழ் ஓரம் விரல் நுழைகிற அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். பூட்டுப் போட்டு இழுத்து மூடலாம்தான், ஆனால் மூலைகளில் ரப்பர் பீடிங் அழுந்தாது. ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்று சுழலும். சக்கரம் வாரி இறைக்கிற தண்ணீரும் தூசியும் அந்த மூலை வழியாகத்தான் உள்ளே போகும்.

நான் செய்த விதத்தைச் சொல்கிறேன். விலாக்களை வண்டியின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து வெட்டினேன், நிமிர்ந்த பிறகு சரியான இடத்துக்கு வரட்டும் என்று. மேலே 3 மில்லிமீட்டர் ப்ளைவுட், ஒன்றாக அல்ல, இரண்டு அடுக்கு. முதல் அடுக்கை ஒட்டி, அதன் முதுகு முழுக்கப் பசை தடவி, இரண்டாவதைப் போட்டு, சுற்றிலும் பட்டைகளால் இறுக்கினேன். இரண்டு அடுக்கும் வளைந்த நிலையிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் திரும்ப நிமிரும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். ப்ளைவுட்டின் முகப்பு நார் வண்டியின் அகலவாக்கில் ஓட வேண்டும், அப்போதுதான் முறியாமல் வளையும். அதற்காகப் பலகையைக் குறுக்கே வெட்டித் திருப்பிப் போட வேண்டிவரும். இணைப்பு விழுகிற இடத்தில் ஒரு விலா இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். பசை காய்ந்தது என்று தெரிந்த பிறகும் பல நாள் பட்டையை அவிழ்க்கவில்லை. அவசரப்படுத்தியவர்கள் வீட்டில் இருந்தார்கள், நான் அசையவில்லை.

அவிழ்த்தபோது கீழ் ஓரம் ஒரு பென்சில் கனத்துக்குள்தான் தள்ளியது. அதற்கு மேல் பூட்டின் இழுப்பே போதும்.

அப்புறம் பீடிங். அழுந்துகிறதா இல்லையா என்று பார்வையை நம்பாதீர்கள். ரப்பர் முழுக்கச் சுண்ணக்கட்டித் தூளைத் தடவிக் கதவை மூடித் திறந்து பாருங்கள். தொட்ட இடத்திலெல்லாம் கதவின் உட்புறத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் வரும். எனக்கு வலது கீழ் மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு அறுந்திருந்தது. அந்த இடத்தில் பீடிங்குக்கு அடியில் ஒரு மெல்லிய ரப்பர்ப் பட்டையைக் கொடுத்து, மறுபடி தூள் தடவி, கோடு தொடர்ந்து விழுகிறவரை பார்த்தேன். கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. மகள் வெளியே ஹோஸைப் பிடித்துக்கொண்டாள். நான் டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொண்டேன். மேலிருந்து ஊற்றினால் மட்டும் போதாது, கீழிருந்து மேலாகவும் அடிக்கச் சொல்லுங்கள். சாலையில் தண்ணீர் அப்படித்தான் வரும். அன்று கீலின் இடது முனையில் ஒரே ஒரு சொட்டு கோத்து நின்றதைப் பார்த்தேன். கூரைக் கீல் நடுவில் கசியாது. தண்ணீர் அதன் உள்ளேயே ஓடி இரண்டு முனைகளிலும் வந்து இறங்கும். அங்கே பியூட்டைல் டேப்பை, அதாவது இளகிய ஒட்டும் ரப்பர் நாடாவை மடித்து அடைத்து, வெளியே வழிந்தோட ஒரு சின்ன வழி விட்டதும் நின்றது. அதன் பிறகு எந்த மழையிலும் உள்ளே ஈரம் பார்த்ததில்லை.

பியூட்டைல் என்றதும் சிலிக்கான் போதாதா என்று கேட்பார்கள். சிலிக்கான் போட்ட இடத்தில் பின்னாளில் பெயின்ட்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது; பழுது பார்க்க வழியே இருக்காது. அதுபோக, அலுமினியம் வெயிலுக்கு விரியும். எட்டடித் தகடு 40 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். அதை மரத்தோடு இறுக ஒட்டிவிட்டால் உப்பிக்கொண்டு நிற்கும். ஓரங்களை மட்டும் பட்டை வைத்துப் பிடித்து, அடியில் இளகிக்கொடுக்கிற பியூட்டைலை வைத்தால் தகடு தன் பாட்டுக்கு விரிந்து சுருங்கும். எபாக்சிப் பிசின்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ப்ளைவுட்டின் வெட்டுமுனைகளுக்கு நானும் அதைத்தான் பூசினேன், மாலையில் வெப்பம் இறங்கும் நேரமாகப் பார்த்து. வெப்பம் ஏறும்போது பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்செல்லாம் குமிழி கட்டும்.

படுக்கை, அலமாரி, விளக்கு இதெல்லாம் உங்கள் விருப்பம். 12 வோல்ட் வயரிங்கில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள், மற்றபடி நான் சொல்ல ஒன்றுமில்லை.

காற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். படுக்கிற அறையின் கொள்ளளவு சுமார் இரண்டரை கன மீட்டர்தான். தூங்குகிற ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். இரண்டு பேர், ஜன்னல் காற்றோட்டம் எதுவுமில்லாமல் முற்றிலும் அடைத்திருந்தால், ஒரே மணி நேரத்தில் உள்ளே அது 1 சதவீதத்தைத் தொடும். வெளிக்காற்றில் இருப்பது 0.04 சதவீதம். மூச்சில் வருகிற ஈரமும் ஓரிரவில் கால் லிட்டர் அளவுக்கு இருக்கும், அது விடியும்போது சுவரில் வழியும். ஒரு ஓட்டை போதாது. காற்று நுழையத் தாழ்வாக ஒன்று, வெளியேறக் கூரையில் ஒன்று. குளிர்காலத்திலும் இரண்டும் திறந்திருக்க வேண்டும். அடுப்பைப் பின்புறத்தைத் தவிர வேறெங்கும் பற்றவைக்காதீர்கள், குளிருக்கென்று கூடப் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எடை. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காருடன் மாட்டும் முனையில் இறங்க வேண்டும். 500 கிலோ டிரெய்லர் என்றால் 50 முதல் 75 கிலோ. வீட்டில் எடை பார்க்கும் மெஷினை முனைக்குக் கீழே, மாட்டும் உயரத்துக்குக் கட்டை கொடுத்து வைத்தாலே தெரிந்துவிடும். சமையல் மேடை பின்னால் இருப்பதால் தண்ணீர் கேன், பாத்திரம், அடுப்பு எல்லாம் பின்னால் சேர்ந்து முனை லேசாகிவிடும். முனை லேசானால் வேகத்தில் வண்டி வால் ஆட்டும். அதனால் தண்ணீரையும் பேட்டரியையும் ஆக்சிலுக்கு முன்னால் வையுங்கள். ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல், ஆக்சிலரேட்டரை மட்டும் மெல்ல விடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. எங்கே நிறுத்தினாலும் நாலு பேர் வந்து பார்க்கிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் கேள்வி எப்போதும் என் கணவரிடம்தான் போகிறது. ‘நீங்களே கட்டினதா சார்?’ அவர் ‘நான் இல்லைங்க, அவங்க கட்டினது’ என்கிறார். உடனே ‘சரி சரி, நீங்க கூட இருந்து சொல்லிக் கொடுத்திருப்பீங்க.’ ஒருவர், நான் கீல் முனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கணவர் பக்கம் திரும்பி, ஆக்சில் எந்த வகை என்று கேட்டார். கணவருக்குத் தெரியாது, பதிலை நான்தான் சொன்னேன். கேட்டவர் அதையும் கணவரைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். என் மகள் அப்போது பக்கத்தில்தான் நின்றாள். அன்று ஹோஸ் பிடித்து, எந்த மூலையில் எவ்வளவு நேரம் தண்ணீர் அடித்தோம் என்று எழுதி வைத்தவள் அவள். வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால், கட்டியவரைக் கேளுங்கள்.

‘உங்கள் உழைப்புக்கும் கூலி போட்டுப் பாருங்கள், வாங்கியதைவிட அதிகமாகும்’ என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறார்கள். கணக்கு எழுதுவது என் தொழில். அந்தக் கணக்கை நானும் போட்டேன். கூலியைச் சேர்த்தால் லாபமில்லை என்பது உண்மைதான். ஆனால் நடுவழியில் ஒரு திருகு கழன்றால் அதன் பின்னால் என்ன மரம், என்ன கனம், எந்தப் பக்கம் வயர் போகிறது என்று எனக்குத் தெரியும். வாங்கிய டிரெய்லரின் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது அதை விற்றவருக்குக்கூடத் தெரியாது. நேரமே இல்லாதவர்கள் வாங்கட்டும், தவறேயில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவருக்குக் கட்டுகிற ஆசை இருக்கிறது, அவருக்குத்தான் நான் எழுதுகிறேன்.

ப்ளைவுட் வாங்குமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் காரின் கையேட்டில் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். வீட்டில் கட்டிய டிரெய்லருக்குப் பதிவு, விளக்கு, அகலம் பற்றி உங்கள் நாட்டில் என்ன விதி என்று கேளுங்கள். இரண்டும் சரியென்றால், பக்கச் சுவரை முழு அளவில் அட்டையில் வெட்டிச் சுவரோரமாக நிறுத்தி, அதன் பக்கத்தில் மெத்தை போட்டு இருவரும் படுங்கள், எழுந்து உட்காருங்கள், தலை எங்கே வருகிறது என்று குறியுங்கள். அந்த அட்டையை ஒரு போட்டோ எடுத்துக் கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள். கூரை எங்கே முடிந்து பின்கதவு எங்கே தொடங்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.