சாமி கும்பிட்டுவிட்டு ஆர்டர் போடலாமா?

சார்ட், இண்டிகேட்டர், மார்ஜின் என்று வழக்கமாக வரும் கேள்விகளை இந்த முறை ஒதுக்கிவைத்துவிட்டேன். சில மாதங்களாகவே கடவுளையும் பங்குச் சந்தை டிரேடிங்கையும் சேர்த்துக் கேட்கும் கடிதங்கள் குவிந்துகொண்டிருந்தன. பதில் சொல்லும் ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தால்தானே எவ்வளவு கழித்துக்கொள்வது என்று நீங்கள் முடிவு செய்ய முடியும்? நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். டிரேடிங்தான் எனக்குச் சோறு போடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவனும்கூட.

தினமும் பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் ஸ்கிரீன் முன்னால் உட்காருகிறேன். நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். இதனால் பலன் உண்டா, இல்லையா?

நீங்கள் என்ன வேண்டிக்கொள்கிறீர்கள் என்று எழுதவில்லையே! அதில்தான் விஷயமே இருக்கிறது.

1954இல் தன் பெயரிலேயே ஒரு ஃபண்டைத் தொடங்கிய முதலீட்டாளர் ஜான் டெம்பிள்டன், கூட்டங்களைப் பிரார்த்தனையோடு ஆரம்பிக்கும் பழக்கம் உள்ளவராக இருந்தார். நேற்று வாங்கிய பங்கு இன்று ஏற வேண்டும் என்று நாங்கள் வேண்டுவதில்லை, அது பலிக்காது. இன்று எடுக்கும் முடிவுகள் தெளிவாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டுகிறோம் என்பது அவர் தந்த விளக்கம். இதே டெம்பிள்டன், 1939இல் உலகப்போர் தொடங்கிய நேரத்தில், ஒரு டாலருக்கும் குறைவான விலையில் கிடந்த பங்குகளைக் கடன் வாங்கி வாங்கினார். எத்தனை நிறுவனங்களில் தெரியுமா? 104. அவ்வளவு பக்தி உள்ள மனிதர், ‘கடவுள் காட்டிய பங்கு’ என்று ஒன்றில் மட்டும் பணத்தைக் கொட்டவில்லை.

பங்கு ஏற வேண்டும் என்று வேண்டுவதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. நீங்கள் வாங்கும்போது எதிரில் ஒருவர் விற்கிறார். அவரும் கும்பிட்டுவிட்டு வந்தவராக இருக்கலாம். மனம் அடங்குவதற்காக என்றால் தாராளமாகப் பிரார்த்தனை செய்யுங்கள். கிண்டல் செய்பவர்களில் எத்தனை பேர் நிதானமாக ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஆர்டர் போடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நஷ்டம் ஓர் அளவைத் தாண்டாமல் தானாக வெளியேற வைக்கும் ஸ்டாப் லாஸுக்குப் பக்கத்தில் விலை வந்தபோது, கடவுள் மேல் பாரத்தைப் போட்டு ஸ்டாப் லாஸை எடுத்துவிட்டேன். விலை திரும்பி லாபத்தில் முடிந்தது. இப்படி நான்கு முறை நடந்துவிட்டது. இது என் நம்பிக்கைக்குக் கிடைத்த பதில் இல்லையா?

இந்தக் கடிதத்தைப் படித்தபோது வயிறு கலங்கியது. காரணத்தைச் சொல்கிறேன்.

டிரேடிங்குக்கு வந்த புதிதில் ஒருமுறை ஷார்ட் போயிருந்தேன், அதாவது விலை இறங்கும் என்று கையில் இல்லாத பங்கை முதலில் விற்றிருந்தேன். விலை ஏற ஆரம்பித்தது. ஸ்டாப் லாஸைக் கொஞ்சம் மேலே தள்ளினேன். அதையும் நெருங்கியது. மறுபடி தள்ளினேன். மூன்றாவது முறை தள்ளவில்லை, மொத்தமாக எடுத்தே விட்டேன். ஸ்கிரீனைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த பிரார்த்தனை எல்லாம் சொன்னேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது நான் திறந்துவைத்திருந்த பொசிஷனே இல்லை. மார்ஜின், அதாவது ஈடாகக் கட்டிய பணம், போதவில்லை என்று தானாகவே மூடப்பட்டிருந்தது. ஒன்பது மாதச் சம்பாத்தியம் ஒரே பிற்பகலில் போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய இரண்டு முறை அதே வேலையைச் செய்து நான் தப்பித்திருந்தேன். தப்பித்ததுதான் என்னைக் கெடுத்தது.

1948இல் உளவியலாளர் ஸ்கின்னர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். கூண்டில் இருக்கும் புறாவுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் தானாகவே தீனி வரும். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் வரும். ஆனால் தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த செயலைப் புறாக்கள் பிடித்துக்கொண்டன. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று மூலையில் தலையை முட்டியது. தன் ஆட்டத்தால்தான் தீனி வருகிறது என்று நம்புவதுபோல அவை நடந்துகொண்டன. உங்கள் நான்கு முறைக்கும் இந்தப் புறாவின் சுற்றலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். விலைகள் மேலும் கீழும் ஆடுபவை. ஸ்டாப் லாஸ் வரை வந்த விலை பல நேரம் திரும்பத்தான் செய்யும். திரும்பாத அந்த ஒரு முறைக்காகத்தான் ஸ்டாப் லாஸ் என்ற ஒன்றையே வைக்கிறோம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஜெயிப்பதும் தோற்பதும் சரிபாதி என்று வைத்துக்கொண்டால், 100 டிரேடுகளுக்குள் எங்காவது தொடர்ந்து ஐந்து முறை தோற்க சுமார் 81 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது அது அநேகமாக வந்தே தீரும். ஒவ்வொரு தோல்வியிலும் மூலதனத்தில் 1 சதவீதம் மட்டும் இழப்பவர், தொடர்ந்து பத்து முறை தோற்றாலும் கையில் 90 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே வைத்திருப்பார். 10 சதவீதம் இழப்பவரிடம் மிஞ்சுவது 35 சதவீதம். பழைய நிலைக்கு வர அவர் 187 சதவீதம் லாபம் பார்த்தாக வேண்டும். ஸ்டாப் லாஸையே எடுத்துவிட்டவருக்கு எத்தனை சதவீதம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்கிறேன். ஐந்தாவது முறை விலை திரும்பாவிட்டால் அதைக் கடவுளின் பதில் என்று ஏற்றுக்கொள்வீர்களா, சோதனை என்பீர்களா? ஜெயித்தால் அருள், தோற்றால் சோதனை என்றால் அந்த நான்கு முறையும் எதற்கும் சாட்சி ஆகாது. ஸ்டாப் லாஸைத் திரும்ப வையுங்கள். பாரத்தை இறக்கிவைக்க வேண்டும் என்றால், ஸ்டாப் லாஸ் அடித்த பிறகு வரும் எரிச்சலை அங்கே இறக்கிவையுங்கள். அதற்குக் கடவுள் நம்பிக்கை உண்மையிலேயே உதவும்.

நான் கணக்குப் படித்தவன். கடவுள் நம்பிக்கையே பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்று நினைக்கிறேன். அதை வைத்திருக்கும் ஒருவர் நல்ல டிரேடராக எப்படி இருக்க முடியும்?

கணக்குப் படித்தவர் என்பதால் பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கலிடமே போவோம். 1654ஆம் ஆண்டில் பாஸ்கலும் இன்னொரு கணித மேதையான ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதுதான் விஷயம். நிகழ்தகவுக் கணிதம் அங்கிருந்துதான் வளர்ந்தது. நாம் இன்று ரிஸ்க், ரிவார்டு என்று பேசுவதெல்லாம் அந்தக் கடிதங்களின் பேரப்பிள்ளைகள். அதே ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி இரவு பாஸ்கலுக்கு ஆழமான ஓர் ஆன்மிக அனுபவம் ஏற்பட்டது. அதை ஒரு தாளில் எழுதி, தன் மேலங்கியின் உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகுதான் மற்றவர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். கணக்கும் நம்பிக்கையும் ஒரே தலைக்குள், ஒரே ஆண்டில்.

பின்னாளில் அவர் முன்வைத்த பந்தயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடவுள் இருந்தால் நம்பியவனுக்கு முடிவில்லாத லாபம். இல்லாவிட்டால் நம்பியதால் போவது சொற்பம். ஆகவே நம்புவதே மேல். ஒரு பங்கைக் குறிப்பிட்ட விலையில் வாங்கும் உரிமையை மட்டும் காசு கொடுத்து வாங்கும் ஆப்ஷன்காரருக்கு இது உடனே புரியும்: போவது அந்த உரிமைக்குக் கொடுத்த பிரீமியம் மட்டும், வருவதற்கு எல்லை இல்லை. இந்த வாதத்தில் ஓட்டைகள் உண்டு. எந்தக் கடவுள் என்று அது சொல்லாது. லாபத்துக்காக நம்புவது நம்பிக்கைதானா என்பதும் நியாயமான கேள்வி. எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு ஆபத்து. இந்த வாதத்தைச் சிலர் அப்படியே ஒரு பங்குக்கு மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். ‘ஏறினால் எங்கேயோ போய்விடும், விழுந்தால் என்ன பெரிதாகப் போய்விடும்’ என்று. எந்தப் பங்கும் முடிவில்லாத லாபம் தராது. விழுந்தால் போவது வாடகைப் பணம்.

சரி, உங்கள் கேள்வி. ‘கடவுள் இருக்கிறார்’ என்பதை என் லாப நஷ்டக் கணக்கு நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ‘இந்தப் பங்கு வெள்ளிக்கிழமைக்குள் ஏறும்’ என்பதை வெள்ளிக்கிழமையே சொல்லிவிடும். முதல் வகை நம்பிக்கையை ஒருவர் எவ்வளவு உறுதியாக வைத்திருந்தாலும் டிரேடிங் கெடாது. அந்த உறுதியை இரண்டாவது வகைக்குக் கடன் கொடுக்கும்போதுதான் கெடுகிறது. இந்தத் தப்பைச் செய்யக் கடவுள் நம்பிக்கைகூடத் தேவையில்லை. தன் கணித மாடலையே சாமியாக்கிக் கும்பிடும் கணக்குக்காரர்கள் எனக்குப் பலரைத் தெரியும்.

நல்ல நேரம், கிரக நிலை, பௌர்ணமி பார்த்து டிரேட் எடுப்பது பற்றி?

பௌர்ணமியை ஆராய்ச்சியாளர்களே பார்த்திருக்கிறார்கள். 48 நாடுகளின் சந்தைகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், அமாவாசையை ஒட்டிய நாட்களைவிடப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வருமானம் குறைவாக இருந்தது. ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம் வித்தியாசம். உடனே குதிக்காதீர்கள். மாதாமாதம் வாங்கி விற்றால் கட்டணமும் வரியும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இப்படிப்பட்ட வினோதங்கள் வெளியே தெரிந்த பிறகு தொடர்ந்து வேலை செய்யும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

நல்ல நேரம் பார்ப்பதால் நீங்கள் எடுக்கும் டிரேடுகளின் எண்ணிக்கை குறைகிறது என்றால் அது மட்டும் லாபம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் டிரேடிங் கணக்குகளை பார்பர், ஓடீன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்தார்கள். மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 11.4 சதவீதம். அதே காலத்தில் சந்தை கொடுத்தது 17.9.

டிரேடிங் சூதாட்டமா? என் மதம் அனுமதிக்குமா?

இரண்டாவதை உங்கள் மதத்தைக் கற்றறிந்தவரிடம்தான் கேட்க வேண்டும். சார்ட் பார்ப்பவனிடம் அல்ல. ஒன்று மட்டும் சொல்லலாம்: மதங்கள் இதைப் பொத்தாம்பொதுவாகப் பார்ப்பதில்லை. இஸ்லாமிய நிதியியல் வட்டியை ரிபா என்றும், ஒப்பந்தத்தில் இருக்கும் அளவுமீறிய நிச்சயமின்மையை கரர் என்றும், சூதை மைசிர் என்றும் தனித்தனியாகப் பிரித்து ஆராய்கிறது. நிறுவனத்தின் பங்கை வாங்குவது ஒரு கேள்வி, டிரேட் செய்ய வாங்கும் மார்ஜின் கடனுக்கு வட்டி கட்டுவது வேறு கேள்வி. இப்படி வடிகட்டிய பங்குகளுக்கென்றே 1999இல் டவ் ஜோன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு பங்குக் குறியீட்டைத் தொடங்கியது.

கொள்கைக்கு விலை உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மது, புகையிலை, சூதாட்ட நிறுவனங்களின் பங்குகள் ஒப்பிடத்தக்க மற்ற பங்குகளைவிட அதிக வருமானம் தந்ததாக 2009இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. பலர் ஒதுக்குவதால் அவை மலிவாகவே கிடக்கின்றன என்பது அதில் சொல்லப்பட்ட காரணம். மனசாட்சிக்காக அந்த லாபத்தை விட்டுவிடுவது எனக்கு முழுக்க நியாயமாகவே படுகிறது. விட்டுக்கொடுப்பது என்ன என்று தெரிந்து விடுங்கள், அவ்வளவுதான்.

லாபத்தில் பத்தில் ஒரு பங்கு கடவுளுக்கு என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். பலிக்குமா?

நஷ்டத்தில் பங்கு கேட்காமல் லாபத்தில் மட்டும் பங்கு கொடுப்பது கடவுளுக்கு நல்ல ஒப்பந்தம்தான்! கொடுங்கள், நல்ல காரியம். சந்தைக்கு உங்கள் வேண்டுதல் தெரியாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆண்டு முடிந்து, நஷ்டத்தைக் கழித்து, வரி கட்டிய பிறகு மிஞ்சுவதில் கொடுங்கள். ஒவ்வொரு லாப டிரேடுக்கும் உடனுக்குடன் கொடுத்தால், நஷ்டத்தில் முடியும் ஆண்டில் கைக்காசும் போகும்.

எங்கள் வழிபாட்டுக் குழுவில் ஒருவர் மாதாமாதம் நிலையான லாபம் தருவதாகப் பணம் வாங்குகிறார். மிகவும் பக்திமான். போடலாமா?

வேண்டாம். சந்தையில் மாதாமாதம் நிலையான லாபம் என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவில் பெரிய முதலீட்டு மோசடி செய்த பெர்னார்ட் மேடாஃப் விஷயத்திலும் பலரை ஏமாற்றியது இந்த ‘நிலையான’ என்ற சொல்தான். அவர் யூதர்; யூதத் தொண்டு நிறுவனங்களே அவரிடம் பணத்தைப் போட்டு இழந்தன. ‘நம்ம ஆள்’ என்பதால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டார்கள். 2008இல் அந்த மோசடி வெடித்தபோது காகிதத்தில் மட்டும் இருந்த தொகை சுமார் 65 பில்லியன் டாலர். மறு ஆண்டு அவருக்கு 150 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. உங்கள் குழுக்காரரிடம் உரிமம் எங்கே, பணம் யார் பெயரில் இருக்கிறது, தணிக்கை செய்வது யார் என்று கேளுங்கள். பதிலுக்கு உங்கள் பக்தியைச் சந்தேகித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாம் போய்விட்டது. கடவுள் கைவிட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. கடன் வாங்கி, அவர் மேல் நம்பிக்கை வைத்து, கடைசியாக ஒருமுறை முயன்று பார்க்கலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கடன் வாங்காதீர்கள். ‘கடைசியாக ஒருமுறை’ என்று நானும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகும் இரண்டு கடைசி வந்தது.

கைவிட்டாரா இல்லையா என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பங்கு விலையை அவருடைய பதிலாக எடுத்துக்கொண்டதால்தான் இன்று அது கைவிட்டதுபோலத் தெரிகிறது என்று நினைக்கிறேன். டிரேடிங் கணக்கில் மிச்சம் இருப்பதை வங்கிக்கு மாற்றுங்கள். ஆப்பை போனிலிருந்து நீக்குங்கள். தூக்கம் வராமல், உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், நாளை வரை காத்திருக்காமல் இன்றே ஒரு மருத்துவரிடமோ நெருங்கியவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இன்று இரவே வீட்டில் சொல்லிவிடுங்கள். முழு அறிக்கையையும் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுங்கள். போனில் காட்டினால், மொத்த நஷ்டம் இருக்கும் கடைசி வரி வருவதற்குள் விரல் தானாக ஸ்கிரீனை மூடிவிடும்.