ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) மனநல மருத்துவரிடம் அனுப்பினால் போக வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 54. மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை, உடம்பெல்லாம் வலி, சாப்பாடு இறங்கவில்லை என்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலி மாத்திரை கொடுத்து வந்தார்கள். இப்போது மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி தாலுகா மருத்துவமனைக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். “எனக்கென்ன பைத்தியமா?” என்று அம்மா வர மறுக்கிறார். அவசியம் போகணுமா, டாக்டர்?

பதில்: போங்கள். உங்கள் ஊர் மருத்துவர் தட்டிக்கழிக்கவில்லை, கூட்டமான ஓ.பி.யிலும் நின்று யோசித்திருக்கிறார். மனச்சோர்வு உள்ள பலர் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. படபடப்பு, தலைபாரம், கைகால் எரிச்சல் என்றுதான் வருவார்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே மாதிரி ஆளைச் சோர்த்துப்போடும். அந்த ரத்தப் பரிசோதனைகள் ஆகவில்லை என்றால் முதலில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். முடிவுகளைக் கையில் எடுத்துப் போங்கள்.

தாலுகா மருத்துவமனைகள் பலவற்றில் மனநல மருத்துவர் தினமும் இருக்கமாட்டார். அரசின் மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட கிழமையில்தான் வரும். எந்தக் கிழமை என்று செவிலியரிடம் கேட்காமல் பஸ் ஏறாதீர்கள். ஒருநாள் கூலியை விட்டுப் போய், ‘இன்னைக்கு டாக்டர் இல்லை’ என்று திரும்பி வருபவர்களில் பலர் மறுபடி போவதே இல்லை.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். “தூக்கத்துக்குக் காட்டப் போறோம்மா” என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. கண் ஆஸ்பத்திரி என்று பொய் சொல்லி மட்டும் கூட்டிப்போகாதீர்கள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தால், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது என்று சொல்லுங்கள்.

மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அன்றைக்கே கேட்காது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் சில நாள் வயிற்றைப் புரட்டலாம். இந்த இடைவெளியில் நிறுத்துபவர்களே அதிகம். குணமானது போலத் தெரிந்த பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். நடுவில் மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அப்புறம், மனநல மருத்துவர் எழுதும் சீட்டை உங்கள் சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டி, அதே மருந்தை அங்கேயே வாங்க முடியுமா என்று கேளுங்கள். மாதாமாதம் அலைவது மிச்சமாகும்.

ஒன்றில் மட்டும் கிழமை பார்க்கக் கூடாது. “போய்ச் சேர்ந்துட்டா தேவலை” என்கிற மாதிரி பேசினால், சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, அன்றே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். வண்டிக்கு 108. பேசி யோசனை கேட்க, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் அன்றைக்கே அப்புறப்படுத்திவிடுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.