கோடிங் தெரியாது, ஹெட் ஒஃபிசுக்குக் கூப்பிடினம், போகட்டோ?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் தருமபுரம். வவுனியாவில பிஸ்னஸ் படிச்சிட்டு ஒரு லீசிங் கம்பனியின்ர கிளிநொச்சிக் கிளையில எம்.ஐ.எஸ் ரிப்போட் (கிளையின்ர கணக்கு விபரங்களை மேலிடத்துக்குத் தொகுத்துக் குடுக்கிறது) செய்யிறன். கொழும்பு ஹெட் ஒஃபிசில டேட்டா ஸ்ட்ராட்டஜி அன்ட் கொமியூனிகேஷன் எண்டு புதுப் பிரிவொண்டு துடங்கி என்னை வரச்சொல்லிக் கேக்கினம். எனக்குக் கோடிங் தெரியாது. அம்மா டிஓ (அரசாங்க அபிவிருத்தி உத்தியோகத்தர்) வேலைக்குக் கூப்பிடுவினம், பொறு எண்டுறா. மூண்டு லட்சத்துக்கு ஒரு டேட்டா சயன்ஸ் டிப்ளோமாவும் பாத்து வச்சிருக்கிறன். என்ன செய்யட்டும்?

பதில்: போங்கோ தங்கச்சி. ஆனா கையெழுத்து வைக்க முதல் கேக்கவேண்டியது ரெண்டு இருக்கு, அதுக்குப் பிறகு வாறன்.

கோடிங் பயத்தை முதல் விடுங்கோ. கோடிங் எழுதி டேட்டாவில இருந்து கணிப்பு எடுக்கிற மொடல் செய்யிறதுக்கு வேற ஆக்களை எடுப்பினம். உங்களைக் கூப்பிடுறது, கம்பனிக்குள்ள கிடக்கிற டேட்டா எது, அதுக்கு ஆர் பொறுப்பு, எந்த முடிவுக்கு எது உதவும் எண்டு ஒழுங்குபடுத்தி, அதை மேல இருக்கிற ஆக்களுக்கு விளங்கச் சொல்ல. இப்ப உங்கட கிளையையே பாருங்கோ. லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) லீசிங் எடுத்த கமக்காரர் கார்த்திகை மார்கழியில தவணை பிந்துவினம், காலபோகத்துக்கு விதைச்சு உரம் மருந்து எண்டு கையில இருந்ததெல்லாம் வயலுக்க போயிருக்கும், பேந்து மாசி பங்குனியில நெல்லு வித்த உடன வந்து நிலுவையை ஒரேயடியாக் கட்டிட்டுப் போவினம், இது உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. கொழும்பில டாஷ்போட்டில, அதான் எல்லாக் கிளைக் கணக்கையும் காட்டுற திரையில, அது பிந்தின கடன் எண்டு சிவப்பா நிக்கும். கிளிநொச்சிக்கு லோன் குறைப்பம் எண்டு கூட்டத்தில ஒருத்தர் சொல்லுவார், மற்றவையும் தலையாட்டுவினம். நம்பர் சரிதான், ஆனா போகத்தைத் தெரியாம வாசிச்சா கம்பனி நல்ல கஸ்டமரை இழக்கும். மாதக் கணக்கோட போகக் கணக்கையும் பக்கத்தில வச்சுக் காட்டுங்கோ எண்டு அந்தக் கூட்டத்தில சொல்ல ஒரு ஆள் வேணும்.

இன்னொண்டு, அடையாள அட்டை. பழைய இலக்கம் ஒம்பது எண்ணும் ஒரு எழுத்தும், 2016 க்குப் பிறகு வந்தது 12 எண். பழசையும் 12 ஆ மாத்தலாம், கடைசி எழுத்தை எடுத்துப்போட்டு முன்னுக்கு 19, அஞ்சு எண்ணுக்குப் பிறகு ஒரு பூச்சியம், அவ்வளவுதான். ஒரே மனுசியைக் கிளிநொச்சியில பழைய இலக்கத்தில பதிஞ்சு முல்லைத்தீவில 12 எண்ணில பதிஞ்சா சிஸ்டத்துக்கு அவ ரெண்டு பேர். பேரை வச்சுப் பிடிப்பம் எண்டா கந்தசாமியை இங்கிலீசில ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி அடிச்சு வச்சிருப்பினம். பொம்பிளையளின்ர இலக்கத்தில பிறந்த நாள் எண்ணோட (வருசத்தில எத்தினையாவது நாள் எண்டது) 500 கூட்டியிருக்கிறது தெரிஞ்சா ஆண் பெண் மாறிப் பதிஞ்சதையும் பிடிக்கலாம். (இதுக்கு எக்செல் போதும், டிப்ளோமா தேவையில்ல.) ஹெட் ஒஃபிசில இருந்து பாக்கிற ஆளுக்கு உந்தக் குழப்பம் இருக்கிறதே தெரியாது. நீங்கள் தினமும் தின்னுற சோறு இது.

சரி, கேக்கவேண்டிய ரெண்டு. ஒண்டு, நான் ஆருக்கு ரிப்போட் பண்ணுறது? மார்க்கெட்டிங்குக்குக் கீழ போட்டா யோசியுங்கோ, பினான்ஸ், ரிஸ்க் இல்லாட்டி நேர சீஈஓ பக்கம் எண்டா நல்லம். மற்றது, முடிவெடுக்கிற கூட்டத்தில நான் இருப்பனோ, இல்லாட்டி ஸ்லைட் செய்து குடுக்கிறதோட சரியோ? பட்டுனு கேளுங்கோ. கொமியூனிகேஷன் பிரிவு எண்டா பிள்ளையளை விழாவுக்கு அறிவிப்பாளர், பானருக்குப் பொறுப்பு, மினிட்ஸ் எழுதுறது எண்டு இழுத்து விடுற பழக்கம் எங்கட கம்பனியளில இருக்கு, ரெண்டு வருசத்தில டேட்டா எங்க போச்சு எண்டே தெரியாது. வேலை விபரத்தை எழுத்தில வாங்குங்கோ.

உந்தப் பாதை எங்க போகும் எண்டு அம்மா கேட்டா, சீஃப் டேட்டா ஒஃபிசர், அதான் கம்பனியின்ர முழு டேட்டாவுக்கும் பொறுப்பான பெரிய அதிகாரி, எண்ட கதிரை வரைக்கும் எண்டு சொல்லலாம். அமெரிக்காவில கேபிடல் ஒன் அந்தப் பதவியை வச்சது 2002 இல, அதைத்தான் முதலாவது எண்டு சொல்லுறவை, அதால இந்தத் துறையில பழந்தின்று கொட்டை போட்ட ஆக்கள் குறைவு. எங்கட நாட்டிலயும் 2022 இல 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு. கஸ்டமர் லிஸ்டை வாட்ஸ்அப் குரூப்பில போடுற கிளை மனேஜர்மாருக்கு அது ஏன் கூடாது எண்டு தமிழில இருத்தி விளங்கப்படுத்த ஒரு ஆள் தேவைப்படும். அந்தச் சட்டத்தை ஒருக்கா முழுசா வாசிச்சு வையுங்கோ.

மூண்டு லட்சம் இப்ப வேண்டாம். டேட்டாவைப் படமாக் காட்டுற பவர் பிஐ டெஸ்க்டொப் சும்மா டவுன்லோட் பண்ணலாம், டேட்டாபேஸில இருந்து தகவல் எடுக்கிற எஸ்.கியூ.எல் அடிப்படையும் வீட்டில இருந்து பழகலாம். ஒரு வருசம் வேலை செய்தா எது குறையுது எண்டு உங்களுக்கே தெரியும், அப்ப கம்பனிக் காசில படிக்கக் கேளுங்கோ.

அம்மாவின்ர கதையும் பிழையில்ல, பென்சன் வேலை எண்டா எங்கட சனத்துக்கு ஒரு நிம்மதி. டிஓ வேலைக்குக் கோல் வந்தா வரட்டும், அப்ப பாப்பம். வராத கடிதத்துக்காக வந்த வேலையை விடாதேங்கோ. வெள்ளவத்தையில ரூம் வாடகை, சாப்பாடு, மாசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வாற செலவு எல்லாத்தையும் கழிச்சு மிஞ்சுறது இப்பத்தைச் சம்பளத்தை விடக் குறைவெண்டா மட்டும் சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ.

சிங்களம் எவ்வளவு தெரியும் எண்டு எழுதேல்ல நீங்கள். ஸ்லைட் இங்கிலீசில இருக்கும், ஆனா அதைப் பற்றின சண்டை சிங்களத்திலதான் நடக்கும், போறதுக்கு முதல் இருக்கிற மாசங்களில அதைத்தான் பழகுங்கோ.