தொட்டியில் தாமரை, வள்ளைக்கீரை: கேள்வி பதில்

தேவகோட்டை: வள்ளைக்கீரைக்கு விதை எங்கே கிடைக்கும்?

விதையே வேண்டாம். வாங்கிய கீரைக்கட்டில் முற்றிய தண்டாகப் பார்த்து, கணு சேற்றில் புதையும்படி ஊன்றுங்கள். வேர் பிடித்துவிடும். கண்மாய்க் கரையில் ஒடித்து வராதீர்கள். அங்கே நெய்வேலிக் காட்டாமணக்கும் நிற்கும். பூ அதே புனல் வடிவம்தான், ஆனால் செடி விஷம். ஆடு தின்றாலே ஆகாது.

கானாடுகாத்தான்: தாமரை இலை ஓரமெல்லாம் கருகுகிறது. தினமும் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

ஆச்சி, எனக்கு அந்தத் தண்ணீர்மேல்தான் சந்தேகம். தாமரைத் தொட்டிக்கு அடியில் ஓட்டை கிடையாது. வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும், அதிலிருக்கிற உப்பு உள்ளேயே தங்கும். ஊற்ற ஊற்றச் சேர்ந்துகொண்டே போகும். தொட்டியின் உள்சுவரில் வெள்ளையாகக் கோடு படிந்திருக்கிறதா, பாருங்கள். பாதியை மோந்து கொட்டிவிட்டு மழைத்தண்ணீர் விடுங்கள். வளவு முற்றத்தில் நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் விழுமே! முதல் மழையில் தூசியும் எச்சமும் போகட்டும், அடுத்ததை அண்டாவில் பிடியுங்கள்.

காரைக்குடி: போர் தண்ணீரில்தான் என் வல்லாரை தளதளவென்று இருக்கிறது. தண்ணீர்மேல் பழி போடாதீர்கள்.

தம்பி, உங்கள் தொட்டியில் ஓட்டை இருக்கும். வடிகிற தண்ணீர் உப்பையும் கொண்டுபோகிறது.

காரைக்குடி, மறுபடியும்: ஓட்டை இருக்கிறது, சரி. ஊருணிக்கு அடியில் ஓட்டையா இருக்கிறது? அங்கே தாமரை பூக்கவில்லையா?

இது கேட்கவேண்டிய கேள்வி. ஊருணிக்கு வருவதே மழைத்தண்ணீர். நிறைந்தால் வழிந்து போய்விடும், பழையது மாறிவிடும். ஐப்பசி மழையில் தொட்டியைத் திறந்தவெளியில் வைத்து விளிம்பு வழிய விட்டால் இங்கேயும் அதேதான் நடக்கும். கூரைக்கடியில் வைத்திருப்பவர்கள்தான் உப்பில் மாட்டுகிறார்கள்.

குன்றக்குடி: கொசு வராதா?

நாலைந்து கப்பி மீன் விடுங்கள், புழுவைத் தின்றுவிடும். எண்ணெய் ஊற்றாதீர்கள்.

புதுவயல்: தாமரைக்கு என்ன மண்?

களிமண். தென்னை நார்க்கழிவு மிதக்கும். பச்சைச் சாணம் அழுகி நாறும்.

பள்ளத்தூர்: டெங்கு கொசு வருமே?

மேலே குன்றக்குடிக்குச் சொன்னதுதான். கொசுவுக்கு இனி பதில் இல்லை.

கோட்டையூர்: வாய்க்கால் ஓரத்து ஆரைக்கீரையைத் தொட்டியில் வைக்கலாமா?

சாக்கடை கலக்கிற வாய்க்கால் என்றால் வேண்டவே வேண்டாம். நீர்க்கீரை சேற்றில் இருக்கிற ஈயம், காட்மியம் மாதிரி நச்சு உலோகங்களையும் இழுத்துக்கொள்ளும். வேகவைத்தாலும் அது போகாது. நல்ல இடத்துக் கீரையையும் பச்சையாகத் தின்னாதீர்கள்.

காரைக்குடி: பூத்தாமரையில் கிழங்கு தேறுமா?

மெலிசாகத்தான் இருக்கும். இலை காய்ந்து அடங்கியபின் தோண்டுங்கள். வில்லையாக நறுக்கி, உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் சுக்காகக் காயவைத்தால் வற்றலுக்கு ஆகும்.