உங்கள் ரிவால்வருக்கு எந்தத் தோட்டா? – வாசகர் கேள்வி பதில்

சேலம் மாவட்ட வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. ரிவால்வரைக் கொண்டு இலக்குச் சுடும் போட்டிக்குத் தயாராகிறவர்கள், கடையில் விற்கும் ஆலைத் தயாரிப்புத் தோட்டாக்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறார்கள். முதல் கடிதத்துக்கு விரிவாகப் பதில் சொன்னால் மற்றவற்றுக்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்பதால் அதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் காபித் தோட்டத்தில் அப்பா காலத்திலிருந்து உரிமத்துடன் இருந்த .32 ரிவால்வர் இப்போது முறைப்படி என் பெயருக்கு மாறியிருக்கிறது. ஆறு அங்குலக் குழலும், திருகித் திருத்தக்கூடிய பின்குறியும் உள்ள வெளிநாட்டுத் தயாரிப்பு அது. சேலத்தில் ரைஃபிள் கிளப்பில் பயிற்சி செய்கிறேன். 25 மீட்டர் சென்டர் ஃபயர் (அடிப்புறத்தின் நடுவில் பற்றவைக்கும் தோட்டா) போட்டியில் கலந்துகொள்ள ஆசை. உள்நாட்டுத் தோட்டா போதும் என்கிறார் ஒருவர். வெளிநாட்டு வாட்கட்டர் தோட்டா இல்லாமல் இறங்காதே என்கிறார் இன்னொருவர். விலை கூடியதுதான் நல்லதா? – வாசகர், ஏற்காடு.

பதில்: விலையையும் பெயரையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் கையிலுள்ள ரிவால்வர் எதை விரும்புகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரே ஆலையில், ஒரே நாளில் செய்யப்பட்ட இரண்டு ரிவால்வர்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரிச் சுடுவதில்லை. தோட்டாக்களை இடும் சுழல் உருளையான சிலிண்டரில் அறையின் வாய் எத்தனை அகலம், குழலின் உள்விட்டம் எவ்வளவு, அறையும் குழலும் எவ்வளவு நேராகப் பொருந்துகின்றன என்பவை ஒவ்வொன்றிலும் மயிரிழை மாறும். அந்த மயிரிழைதான் இலக்கில் விரல் அகலமாகத் தெரியும். ஆகவே எந்தத் தோட்டா சிறந்தது என்ற பொதுக் கேள்விக்கு விடை கிடையாது. உங்கள் துப்பாக்கிக்கு எது சிறந்தது என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும்.

முதலில் போட்டியின் தேவையைப் பார்ப்போம். சர்வதேச விதிகளின்படி இந்தப் போட்டியில் 7.62 மி.மீ. முதல் 9.65 மி.மீ. வரையிலான விட்டமுள்ள குண்டுகள் அனுமதிக்கப்படுகின்றன. குழலின் நீளம் 153 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. உங்கள் ஆறு அங்குலம் 152.4 மி.மீ. என்பதால் தப்பித்தீர்கள். மொத்தம் 60 சுடுகள். முதல் 30 நிதானச் சுற்று, ஐந்து ஐந்தாக, ஒவ்வொரு ஐந்துக்கும் 5 நிமிடம். அடுத்த 30 வேகச் சுற்று. இலக்கு 3 வினாடி முகம் காட்டி 7 வினாடி திரும்பிக்கொள்ளும், ஒவ்வொரு முறைக்கும் ஒரு சுடு. நிதானச் சுற்றின் இலக்கில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 50 மி.மீ. உங்கள் தோட்டாவிடம் நீங்கள் கேட்க வேண்டியது இந்த 50 மி.மீ.க்குள் அடங்கும் ஒழுங்கைத்தான். அதற்கு வேகமோ வலிமையோ தேவையில்லை. மாறாக, உதைப்பு குறைந்தால் வேகச் சுற்றில் கை சீக்கிரம் குறிக்குத் திரும்பும்.

இந்தத் தேவைக்கென்றே உருவானது வாட்கட்டர். கூர்முனையோ உருண்டை முனையோ இல்லாமல், முன்புறம் தட்டையாக வெட்டியது போன்ற ஈயக்குண்டு அது. பெரும்பாலும் தோட்டாக் கூட்டின் விளிம்போடு விளிம்பாக உள்ளே அமர்ந்திருக்கும். அலுவலகத்தில் காகிதத்தைக் கோப்பில் இடத் துளைபோடும் கருவியைப் போல இலக்கில் வட்டமாக, பிசிறில்லாமல் துளையிடும். உருண்டை முனைக் குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போவதால், துளை குண்டின் விட்டத்தைவிடச் சிறியதாகவும் ஓரம் நைந்ததாகவும் தெரியும். துளையின் விளிம்பு உயர்ந்த வளையத்தின் கோட்டைத் தொட்டாலே அந்த உயர்ந்த மதிப்பெண் கிடைக்கும் என்பது விதி. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையிலான கோட்டில் விழுந்த சுட்டை நடுவர் குனிந்து பார்க்கும்போது, சுத்தமாக வெட்டுப்பட்ட விளிம்பு சர்ச்சைக்கு இடம் வைப்பதில்லை.

.32 ரிவால்வருக்கான எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) லாங் வகையில் பின்லாந்தின் லாப்புவா, இத்தாலியின் ஃபியோக்கி, செக் நாட்டின் செல்லியர் அண்ட் பெல்லோ முதலிய ஆலைகள் வாட்கட்டர் தயாரிக்கின்றன. குண்டின் எடை 98 அல்லது 100 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 6.4 கிராம். பல வாட்கட்டர் குண்டுகளின் அடிப்புறம் குழிவாக இருக்கும். வெடிமருந்து எரியும் அழுத்தத்தில் அந்தக் குழிவின் ஓரம் விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்வதால், சற்றே அகலமான பழைய குழலிலும் குண்டு தளர்ந்து ஓடாது. உங்களுடையதைப் போன்ற பழைய ரிவால்வருக்கு இது பெரிய அனுகூலம் என்பதால், முதலில் குழிவடி வாட்கட்டரைச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன்.

உள்நாட்டுத் தோட்டாவைத் தாழ்வாக எண்ண வேண்டாம். புனே அருகே காட்கியிலுள்ள வெடிபொருள் தொழிற்சாலை 1869-இல் தொடங்கப்பட்டது. 2021 அக்டோபர் 1 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அங்கிருந்து வரும் .32 ரிவால்வர் தோட்டா தற்காப்புக்கென்று உரிமம் பெற்றோரை மனத்தில் வைத்துச் செய்யப்படும் உருண்டை முனைத் தோட்டா; இலக்குப் போட்டி அதன் முதல் நோக்கமல்ல. ஆனால் கையைப் பழக்க, விசையை இழுக்கும் முறையைச் சீர்செய்ய, அச்சம் போக்க அது போதும். இறக்குமதித் தோட்டா கிடைக்கும் அளவும் குறைவு, விலையும் அதிகம். அதைப் பயிற்சியில் வாரி இறைப்பதில் பொருளில்லை. ஒரு கவனம் மட்டும் வேண்டும்: தோட்டா மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். ரிவால்வரில் மெதுவாகச் செல்லும் குண்டு குழலுக்குள் சற்று அதிக நேரம் இருக்கிறது. அதற்குள் உதைப்பில் குழலின் வாய் மேலெழுவதால் அது சற்று மேலே விழக்கூடும். ஆகவே போட்டிக்கு முந்தைய சில வாரங்களாவது போட்டித் தோட்டாவிலேயே பின்குறியைத் திருத்தி, அதிலேயே பழகுங்கள்.

இனி சோதனை. இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். 50 தோட்டா கொண்ட ஒரு பெட்டி வாங்குங்கள். ரிவால்வரில் ஆறு அறைகள் இருந்தால், ஒவ்வொன்றின் வெளிப்புறத்திலும் துடைத்தால் போகும் பேனாவால் 1 முதல் 6 வரை எண்ணிடுங்கள். ஆறு இலக்குத் தாள்களுக்கும் அதே எண்கள். மேசையில் மணல் மூட்டை வைத்து, அதன்மேல் மணிக்கட்டும் கையும் தங்கும்படி உட்காருங்கள். குழல் மூட்டையில் படக்கூடாது. பிறகு 25 மீட்டரில், முதல் அறையில் மட்டும் தோட்டா இட்டு முதல் தாளில் ஐந்து சுடு, இரண்டாம் அறையிலிருந்து இரண்டாம் தாளில் ஐந்து சுடு என்று போனால் 30 தோட்டா தீரும். மீதி 20 குறியைத் திருத்துவதற்கும், சிலிண்டர் சிக்காமல் சுழல்கிறதா என்று பார்ப்பதற்கும். தாள்களை ஒளியில் பிடித்துப் பார்த்தால் ரிவால்வரின் குணம் அப்படியே தெரிந்துவிடும். பெரும்பாலும் நான்கைந்து அறைகள் ஒரே இடத்தில் கூட்டமாக இட்டிருக்கும். ஓர் அறை மட்டும் விலகியோ பரப்பியோ இட்டிருக்கும்.

போட்டியில் ஒரு தடவைக்கு ஏற்றுவது ஐந்து தோட்டாதானே. ஆறு அறையில் ஒன்றைக் காலியாக விடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அந்த விலகிய அறையைக் காலியாக விடுங்கள். சிலிண்டரை மூடும்போது காலி அறை சுத்தியலின் நேரே, குழலுக்குப் பின்னால் இருக்கட்டும். சுத்தியலைப் பின்னிழுத்ததும் அடுத்த அறை சுழன்று வரும். ஐந்தும் முடிந்த பிறகே காலி அறை மீண்டும் வரும். பிஸ்டல் வைத்திருப்பவருக்குக் கிடைக்காத இந்த வசதியைப் பலர் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நல்ல அறைகள் ஐந்தும் சேர்ந்து 50 மி.மீ.க்குள் இடும் தோட்டா கிடைத்துவிட்டால் தேடலை நிறுத்துங்கள். பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை (ஒரே தொகுப்பாகச் செய்யப்பட்டதைக் காட்டும் எண்) குறித்துக்கொண்டு, அதே லாட்டில் உரிமம் அனுமதிக்கும் அளவுக்கு வாங்கி வையுங்கள். லாட் மாறினால் மருந்தும் ஈயமும் நுண்ணளவில் மாறியிருக்கலாம். அதே பெயர், அதே பெட்டி என்று நம்பிச் சோதிக்காமல் போட்டிக்குப் போகக்கூடாது. ஒரு போட்டிக்கு 60 சுடுகளும், இரு சுற்றுகளுக்கும் முன்னால் மதிப்பெண்ணில் சேராத ஐந்தைந்து முன்சுடுகளுமாக 70 தோட்டா ஆகும். எனவே போட்டிக்கென இரண்டு பெட்டி தனியாக இருக்கட்டும்.

கேள்வி: கடையில் .32 என்று கேட்டால் இரண்டு விதமான தோட்டாக்களை எடுத்துக் காட்டுகிறார்கள். இரண்டும் என் ரிவால்வரில் நுழையும் போலிருக்கிறதே? – வாசகர், சூரமங்கலம்.

பதில்: நுழைவது வேறு, பொருந்துவது வேறு. ஒன்று .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். 1896 முதல் இருக்கும் ரிவால்வர் தோட்டா, அடியில் அகன்ற விளிம்பு இருக்கும். மற்றது .32 ஏ.சி.பி.; அசானி முதலிய பிஸ்டல்களுக்கானது, நீளத்தில் குட்டை, விளிம்பு மிகச் சிறியது, அழுத்தம் கூடியது. அதை ரிவால்வரில் இடாதீர்கள். உங்கள் ரிவால்வரின் குழலில் பொறித்திருப்பதும், உரிமத்தில் எழுதியிருப்பதும், பெட்டியில் அச்சிட்டிருப்பதும் ஒன்றாக இருந்தால் மட்டும் பணம் கொடுங்கள். பெட்டியில் .32 கோல்ட் நியூ போலீஸ் என்றிருந்தால் கவலை வேண்டாம்; அது எஸ் அண்ட் டபிள்யூ லாங்குக்கு மாற்றாகப் பயன்படுவதே.

கேள்வி: நான் காவல்துறையில் பணியாற்றுகிறேன், துறைப் போட்டிகளில் .38 சுடுகிறேன். பெரிய குண்டு பெரிய துளை போடுவதால் .32 காரர்களைவிட எனக்கு மதிப்பெண் அனுகூலம் உண்டு என்கிறார்களே? – வாசகர், அஸ்தம்பட்டி.

பதில்: சர்வதேச விதியைப் பின்பற்றும் சென்டர் ஃபயர் போட்டியில் அந்த அனுகூலம் இல்லை. ஐயத்துக்குரிய துளையை அளக்க நடுவர் நுழைக்கும் அளவுகோலின் விட்டம் எல்லோருக்கும் 9.65 மி.மீ. தான். சுட்டது .32 ஆனாலும் .38 ஆனாலும் அளவு ஒன்றே. .38 ஸ்பெஷல் வாட்கட்டரின் வழக்கமான எடை 148 கிரெய்ன்; உதைப்பு .32-ஐவிடக் கூடுதல். மேலும் அதன் கூடு பெரியது, இலக்குத் தோட்டாவில் இடும் மருந்தோ கொஞ்சம். அந்த மருந்து கூட்டின் முன்பக்கம் கிடக்கிறதா பின்பக்கம் கிடக்கிறதா என்பதைப் பொறுத்துக் குண்டின் வேகம் மாறலாம். எனவே ஒவ்வொரு சுடுக்கு முன்பும் கையை ஒரே விதமாக உயர்த்துவதை வழக்கமாக்குங்கள்.

கேள்வி: மேலே ஏற்காட்டில் பனி, கீழே சேலத்தில் வெயில். இந்த மாற்றத்துக்கு வேறு வேறு தோட்டா வேண்டுமா? – வாசகர், வெள்ளக்கடை.

பதில்: வேண்டாம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவுதான். ஆனால் 25 மீட்டர் தூரத்தைக் குண்டு ஒன்பதில் ஒரு பங்கு வினாடியில் கடந்துவிடும். வினாடிக்கு 230 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டின் வேகம் ஐந்து மீட்டர் மாறினாலும், விழும் இடம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குமேல் தாழாது. கவலைப்பட வேண்டியது வைக்கும் இடத்தைப் பற்றி. மே மாத வெயிலில் சேலத்தில் பூட்டிய காருக்குள் தோட்டாப் பெட்டியை விட்டால், ஈயக்குண்டில் பூசியிருக்கும் மெழுகுக் கொழுப்பு உருகி மருந்துக்குள் இறங்கிவிடலாம். மருந்து நனைந்த தோட்டா பலவீனமாக வெடிக்கும். மலைக் குளிரிலிருந்து இறங்கியதும் பெட்டியை உடனே திறக்காமல், அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் ஈரம் படியாது.

கேள்வி: பயிற்சியில் ஒரு தோட்டா வழக்கமான சத்தமில்லாமல் ‘புஸ்’ என்றது. அடுத்ததைச் சுடலாமா? – வாசகர், ஆத்தூர்.

பதில்: கூடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது பிளக்கும். குழலின் வாயை இலக்குத் திசையிலேயே வைத்து, ரேஞ்ச் அதிகாரியை அழைத்து, சிலிண்டரைத் திறந்து எல்லாத் தோட்டாக்களையும் எடுத்த பிறகு குழலைப் பின்பக்கமிருந்து வெளிச்சம் காட்டிப் பாருங்கள். சுத்தியல் விழுந்தும் வெடிக்காத தோட்டாவானால், தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால் 30 வினாடி அசையாமல் குறித்திசையிலேயே காத்திருந்து பிறகு திறக்க வேண்டும். இரண்டையும் ஓரளவு முன்கூட்டியே தடுக்கலாம். போட்டிக்கு முதல்நாள் மாலை ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் விரல் நுனியால் தடவுங்கள். நடுவிலுள்ள கேப் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அடிப்பரப்புக்குச் சமமாகவோ மயிரிழை உள்ளடங்கியோ இருக்க வேண்டும். விரலில் மேடாகத் தட்டுப்பட்டால் சிலிண்டர் சுழலாமல் உரசும், முதல் அடியில் வெடிக்காமலும் போகலாம். அப்படிப்பட்டதையும், கூட்டில் நசுங்கலோ பச்சைக் களிம்போ கண்டதையும் தனியே எடுத்துவைத்துக் கடைக்காரரிடமே ஒப்படையுங்கள். விசை லேசாக வேண்டும் என்று சுத்தியலின் சுருள்வில்லைத் தளர்த்தியிருந்தால், கேப் கடினமான தோட்டாக்கள் அடிக்கடி ஏமாற்றும். அப்போது குறை தோட்டாவிடம் அல்ல, வில்லிடம். பயிற்சி முடிந்ததும், எதையும் உண்பதற்கு முன், ஈயத் துகள் போகக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.