ஜெனீவா ஏரியின் நீரூற்று முதலில் எதற்காக அமைக்கப்பட்டது?

சுற்றுலாப் பயணிகளை ஈர்ப்பதற்காகவே அமைக்கப்பட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அது ஒரு நீர்விசை நிலையத்தின் பாதுகாப்பு ஏற்பாடாகத் தொடங்கியது, அதனாலேயே எனக்கு அது மிகவும் பிடித்த நீரூற்று.

1886இல் ரோன் ஆற்றங்கரையில் இயங்கத் தொடங்கிய அந்நிலையம், நகரின் பட்டறைகளில் இருந்த இயந்திரங்களைச் சுழற்றுவதற்காக, குழாய்களின் வழியே அழுத்தம் மிக்க நீரை அனுப்பி வந்தது. மாலையில் பட்டறைக்காரர்கள் வேலையை முடித்துக்கொண்டு தத்தம் குழாய்களை மூடியபோது அழுத்தம் திடீரென உயர்ந்ததால், மிகையான நீரை வெளியேற்ற ஒரு திறப்பு வைக்கப்பட்டது. அதிலிருந்து சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு நீர் பீறிட்டது.

பின்னர் இந்தத் தேவை மறைந்தது. ஆயினும் நகரத்தார் அக்காட்சியை இழக்க விரும்பாமல், 1891இல் அதை ஏரித் துறைமுகத்துக்கு மாற்றினர்.

இன்றுள்ள நீரேற்று நிலையம் 1951இல் அமைக்கப்பட்டது. நொடிக்கு 500 லிட்டர் ஏரிநீர், மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பி 140 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. வெளியேறும் முனையில் நீரோடு காற்றுக் குமிழ்கள் கலப்பதே அதன் பால்வெண்மைக்குக் காரணம். சாயம் எதுவும் இல்லை.

காணச் செல்வோர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும்: பலத்த காற்றிலும் உறைபனியிலும் நீரூற்றை நிறுத்திவிடுவார்கள்.